மாடிப்படி விளக்கு என்னுடையதே

நான் வேலையிலிருந்து வீட்டுக்கு வருவதற்கும் வீட்டில் மின்சாரம் போவதற்கும் தொடர்பு உண்டு என்று முதலில் சொன்னவர் என் அண்ணி. "தம்பி வந்துட்டாரு போல" என்று கீழ்வீட்டிலிருந்து அவர் சொல்வார். "ஆமாக்கா, ஃபேன் நின்னுடுச்சு" என்று மேலிருந்து என் மனைவி பதில் சொல்வாள். ஒரு மாதம் இது நடந்தது. நான் அதைக் கேலிப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, காரணத்தை வேறு இடங்களில் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா கட்டியது. கீழே அண்ணன், மேலே நான். அப்பா போன பிறகு பாகம் பிரித்தோம். பாத்திரம், பண்டம், கட்டில், கிணற்று மோட்டார் எல்லாம் ஒரே மத்தியானத்தில் சுமுகமாகப் பிரிந்துவிட்டன. மாடிப்படி விளக்கு மட்டும் பிரியவில்லை. படி போய்ச் சேருவது உன் வீட்டுக்கு, ஆகவே விளக்கு உன்னுடையது என்றார் அண்ணன். படி தொடங்குவது உங்கள் வாசலில், வெளிச்சத்தில் பாதி விழுவது உங்கள் சமையலறை ஜன்னலில், ஆகவே உங்களுடையது என்றேன் நான். ஒரு பல்புக்காகவா என்று என் மனைவி கேட்டாள். பல்புக்காக இல்லை, எது யாருடையது என்பதற்காக என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சொன்ன வாக்கியம்.

அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சு இல்லை. படியில் விளக்கும் இல்லை. நானும் மனைவியும் கைப்பேசி வெளிச்சத்தில் ஏறி இறங்கினோம். சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதி, படியின் கைப்பிடியில், கீழ்முனையில் கட்டியிருந்த கிளிப்பில் செருகினோம். எங்கள் இருவருக்கும் கடிதம் எழுதக் கற்றுத் தந்தவர் ஒரே வாத்தியார். ஆகையால் மேலே வலப்பக்கம் தேதி, நடுவில் "பொருள்", அதன் கீழே "பார்வை: தங்கள் கடிதம் எண் இன்னது" என்று இரண்டு பக்கத்துக் கடிதமும் ஒரே அச்சாக இருக்கும். ஓரகத்திகள் இருவரும் மட்டும் ஒரு நாளும் பேச்சை நிறுத்தவில்லை. உண்மையான செய்திகள் எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தன.

போன மாதம் இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் வந்தது. வயரிங் வேலைக்கு ஒரு எலக்ட்ரீசியன் வந்தார். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். அதனால் வீட்டுப் பெண்கள் அவருக்குச் சரிங்க என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாடிப்படி விளக்கு மேல்வீட்டு லைனில் இருக்க வேண்டும் என்று அண்ணன் அவரிடம் தனியாகச் சொன்னார். சரிங்க. கீழ்வீட்டு லைனில் இருக்க வேண்டும் என்று நான் தனியாகச் சொன்னேன். சரிங்க. வேலை முடிந்ததும் இருவரிடமும், நீங்கள் சொன்னபடியே செய்தாகிவிட்டது என்றார். சுவிட்சை யார் போடுவது என்ற தகராறு வராமலிருக்க, இருட்டில் ஆள் நடமாடினால் தானாக எரியும் பல்பையும் மாட்டிவிட்டுப் போனார்.

புது மீட்டர் கொடுக்கிறவர்கள் போட்ட விதிப்படி, இரண்டு வீட்டு மின்பலகையிலும் ஆளுக்கொரு டிரிப்பர் பொருத்தப்பட்டது. தீப்பெட்டி நாலைந்தை அடுக்கியது போல ஒரு பெட்டி. மின்சாரம் எங்காவது கசிந்தால் அது தானாகவே விழுந்து மொத்த வீட்டையும் துண்டித்துவிடும் என்று சரிங்க சொன்னார். அதில் ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்துவிட்டது என்று அர்த்தம்.

எங்களுடையது சாகவில்லை. தினமும் விழுந்தது.

நான் ஒரு குறிப்பேடு போட்டேன். தேதி, நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்த சாமான்கள், என்ன செய்தபின் சரியாயிற்று என்று நான்கு கட்டங்கள். இருபத்து மூன்று நாளில் முப்பத்தொரு முறை. சில நாள் எங்கள் டிரிப்பர் விழும், சில நாள் அண்ணன் வீட்டில், சில நாள் இரண்டும். மிக்ஸி மேல் சந்தேகப்பட்டு அதை ரிப்பேர் கடைக்கு இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் குற்றமற்றது என்று திரும்பி வந்தது. ஃபிரிட்ஜை மூன்று நாள் நிறுத்தி வைத்தோம். அந்த மூன்று நாள் மனைவி என்ன சொன்னாள் என்பதற்குக் குறிப்பேட்டில் கட்டம் இல்லை.

தங்கள் வீட்டுச் சலவை இயந்திரமே காரணம் என்று பதின்மூன்றாம் எண் கடிதத்தில் அண்ணனுக்கு எழுதினேன். அண்ணி ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறார். பின்கட்டில் பெரிய மிஷின், சிமெண்டுத் தரை, எந்நேரமும் ஈரம். அண்ணனின் பதில் அன்று மாலையே கிளிப்பில் இருந்தது. இயந்திரம் ஓடாத வேளையிலும் துண்டிப்பு நேர்கிறது, ஆகவே தங்கள் மிக்ஸியைக் கவனிக்கவும்.

அடுத்த வாரம் மனைவி ஒரு செய்தி கொண்டுவந்தாள். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. சரிங்கவைக் கூப்பிட்டு, இந்தச் சனியனை எடுத்துவிடு என்றிருக்கிறார். சரிங்க டிரிப்பரைக் கழற்றி, ஒயரை நேராகச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து கீழே ஒரு நாளும் மின்சாரம் போகவில்லை. நான் படியேறும் ஒவ்வொரு மாலையும் எங்கள் வீட்டில் தவறாமல் போயிற்று. குறை முழுவதும் தங்கள் பக்கமே என்பது இதனால் நிரூபணமாகிறது என்று அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நிரூபணமாகிறது என்பதற்கு அடியில் கோடு இழுத்திருந்தார்.

நாலு நாள் கழித்து, சாப்பாடு போடும்போது மனைவி குரலைத் தாழ்த்தினாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணி சத்தியம் வாங்கிக்கொண்டு ஒன்று சொன்னாராம். மிஷினைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதாம். இரண்டு நாளாக. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் மிஷினை நிறுத்து என்பார். விடுதிக்குச் சனிக்கிழமை எண்பது விரிப்பு கொடுத்தாக வேண்டும்.

மறுநாள் எங்கள் பட்டறையில் வேலை செய்கிறவர் ஒருவர் சொல்லி, வேறு எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். நாற்பது வயதுப் பெண்மணி. இடுப்பில் தோல் பை. சரிங்க என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. குறிப்பேட்டை நீட்டினேன். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அதை முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான்.

"எல்லாம் ஆறரைக்கு மேலதான் விழுந்திருக்கு. பகல்ல ஒண்ணு கூட இல்ல. லீவு நாள்ல நீங்க வெளிய போகாட்டி அன்னிக்கும் இல்ல," என்றார். "கீழ போயிட்டு ஏறி வாங்க சார்."

இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே போய்த் திரும்பினேன். நாலாவது படியில் கால் வைத்தேன். மேலே டக்கென்று ஒரு சத்தம்.

"தம்பி வந்துட்டாரு," என்றது அண்ணியின் குரல்.

எலக்ட்ரீசியன் பல்பைக் கழற்றினார், பெட்டிகளைத் திறந்தார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பட்டறையில் கருவி அறைப் பொறுப்பு என்றேன்.

"காலையில பத்து ஸ்பேனர் குடுக்கறீங்க. சாயங்காலம் ஒம்போதுதான் திரும்பி வருது. என்ன பண்ணுவீங்க?"

"கேட்டை மூடிடுவேன். கிடைக்கிற வரைக்கும் யாரும் வெளிய போக முடியாது."

"இந்த டிரிப்பரும் அதைத்தான் பண்ணுது. வீட்டுக்குள்ள போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கணும். குறைஞ்சா, எங்கியோ வழி தப்பிப் போகுதுன்னு அர்த்தம். ஒரு ஆள் உடம்பு வழியாத் தரைக்கு இறங்குதா, இல்ல சும்மா ஈரச் சுவத்துல இறங்குதான்னு அதுக்குத் தெரியாது. நின்னு விசாரிக்காது. முப்பது மில்லி ஆம்பியர் குறைஞ்சாலே கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள மூடிடும்."

எங்கள் விவகாரம் என்ன என்பதையும் அவரே விளக்கினார். விளக்குக்கு மின்சாரம் போவது என் பலகையிலிருந்து. திரும்புவது அண்ணன் பலகை வழியாக. சரிங்க இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். ஒரு ஒயர் மேலே, ஒரு ஒயர் கீழே, பாதிப் பாதி. பல்பு எரிந்த கணத்தில், போனது வரவில்லை என்று என் டிரிப்பருக்குத் தோன்றும். அனுப்பாதது வருகிறதே என்று அண்ணன் டிரிப்பருக்குத் தோன்றும். எது முந்திக்கொள்கிறதோ அது விழும்.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். இப்படி ஒரு பாகப்பிரிவினையைப் பாத்ததில்ல," என்றார்.

நான் சிரிக்கவில்லை. என் மனைவி சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

இரண்டு ஒயரும் ஒரே வீட்டிலிருந்து வர வேண்டும், எந்த வீடு என்று கேட்டார். கீழ்வீடு என்று என் வாய் தானாகச் சொன்னது. அதற்கு அண்ணன் சம்மதம் வேண்டும் என்றார். நான் பேச்சை மாற்றுவதற்காக, அண்ணிக்கு மிஷினில் சுர்ரென்று ஏறுவதைச் சொன்னேன். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"கீழ டிரிப்பர் இருக்குல்ல?"

"எடுத்துட்டாங்க."

"கால்ல என்ன போட்டிருப்பாங்க?"

"ரப்பர் செருப்பு."

"அப்ப இப்போதைக்கு அவங்களைக் காப்பாத்தறது அந்தச் செருப்பு மட்டும்தான்," என்றார்.

மிஷினின் உடம்பில் மின்சாரம் ஏறியிருக்கிறது. எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தால் அது அந்த வழியில் தரைக்குப் போயிருக்கும். இல்லை போலிருக்கிறது. ஆகவே காத்துக்கொண்டிருக்கிறது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று யார் தொட்டாலும் அவர்கள்தான் வழி. டிரிப்பர் இருந்தால் அந்த நேரமும் ஒரு அடி விழும், ஆனால் அந்த ஒரு அடியோடு முடிந்துவிடும், உயிர் தப்பும். இல்லாவிட்டால் கேட்டை மூட ஆள் கிடையாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவரே கீழே போய் அண்ணனிடம் பேசிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். மேல்வீட்டுக்காரன் அனுப்பிய ஆளிடம் பேச ஒன்றுமில்லை, எதுவானாலும் எழுத்து மூலமாக இருக்கட்டும் என்று ஜன்னல் வழியாகப் பதில் வந்ததாம். அடுத்தவர் பலகையில் கை வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

மனைவியிடம் சொல்லிவிட்டுப் பதினைந்தாம் எண் கடிதத்தை எழுதினேன். சத்தியம் உடைந்தால் உடையட்டும், எழுதுங்கள் என்றாள். அண்ணிக்கு ஷாக் அடிக்கிறது, மிஷினைத் தொடவிடாதீர்கள், டிரிப்பரை உடனே மாட்டுங்கள் என்று மூன்றே வரி. கிளிப்பில் செருகாமல் கதவுக்கு அடியில் தள்ளினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "பார்வையில் கண்ட கடிதம் தொடர்பாக என் மனைவியை விசாரித்தேன். அப்படி எதுவும் இல்லை என்கிறாள். குடும்பத்தினரை வழக்கில் இழுக்க வேண்டாம்."

சனிக்கிழமை விரிப்புகள் தடைப்படக் கூடாதென்று, ஷாக் எதுவும் அடிக்கவில்லை என அண்ணி சொல்லிவிட்டார். அதோடு என் மனைவியிடமும் பேச்சை நிறுத்தினார். புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி மனைவி அவர் வாசலில் வைத்தாள். அது வைத்த இடத்திலேயே கிடந்தது. "உங்க கடுதாசியால எனக்கு ஒரு அக்கா போயிட்டாங்க. மிச்சம் இருக்கறது அவங்க உசுரு மட்டும்தான். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க," என்றாள்.

கீழே மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நிற்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். மறுபடி ஓடத் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேசினோம்.

அண்ணனை எனக்குத் தெரியும். கெஞ்சினால் கேட்க மாட்டார். பயமுறுத்தினால் அதில் ஒரு சூழ்ச்சி இருப்பதாக நினைப்பார். ஆனால் ஜெயித்துவிட்டால், அதை இன்னொரு தடவை நிரூபித்துக் காட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கும் வராது. எலக்ட்ரீசியனைத் திரும்ப அழைத்து, இரண்டு ஒயரையும் மேல்வீட்டிலிருந்தே இழுக்கச் சொன்னேன். பிறகு பதினாறாம் எண் கடிதத்தை எழுதினேன். மூன்று தடவை கிழித்து எழுதினேன்.

"பொருள்: மாடிப்படி விளக்கின் உரிமை.

மாடிப்படி விளக்கு என்னுடையதே. இதுவரை நேர்ந்த துண்டிப்புகள் அனைத்துக்கும் அந்த விளக்கே காரணம் என்று தெரியவந்துள்ளது. தங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லை. ஐயம் இருப்பின், தங்கள் டிரிப்பரைத் திரும்பப் பொருத்திச் சோதித்துக்கொள்ளலாம்."

எந்தக் குறையும் இல்லை என்பது பொய் என்று தெரிந்தே எழுதினேன். அண்ணன் அதை நம்பி, சோதனை எதற்கு என்று சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்டுக் கிளிப்பில் செருகிவிட்டு வந்தபோது, அதைத் திரும்ப எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை படி இறங்கினேன். இரண்டு தடவையும் விளக்கு எரிந்தது. மின்சாரம் போகவில்லை.

ஒரு நாள் முழுவதும் பதில் இல்லை. கடிதம் மட்டும் கிளிப்பில் இல்லை. சனிக்கிழமை காலை சரிங்க கருவிப் பையோடு கீழ்வீட்டுக்குள் போவதை மனைவி பார்த்தாள். அரை மணி நேரத்தில் டக்கென்ற சத்தம் கேட்டது. அண்ணன் சோதனைப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். திரும்ப அழுத்தினார். மூன்றாவது முறையும் அழுத்தினார். மேலே எங்களுக்குக் கேட்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நாங்கள் நன்றாகக் கேட்டோம்.

எனக்கு அன்று அரை நாள்தான் வேலை. போகவில்லை. பதினோரு மணிக்கு மிஷின் நடுச் சுற்றில் நின்றது. ஃபேன், ரேடியோ, எல்லாமே கீழே ஒன்றாக நின்றன. மனைவி செருப்புப் போடாமல் படியிறங்கி ஓடினாள். நான் அவள் பின்னால் நாலு படி இறங்குவதற்குள் அண்ணன் எதிரே ஏறி வந்துவிட்டார். இரண்டு வருடத்தில் அந்தப் படியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. கையில் என் கடிதம்.

"என்னமோ எழுதிக் குடுத்தியே. எல்லாம் உன் லைட்டுன்னு எழுதிக் குடுத்தியே. இப்ப பட்டப்பகல். லைட்டு எரியவே இல்ல. அப்புறம் ஏன்டா விழுந்துச்சு?"

"அண்ணி எங்கண்ணே?"

"பின்னாடி. மிஷின்கிட்ட. கையை உதறிக்கிட்டு நிக்கிறா."

"கால்ல செருப்பு இருக்கா?"

"சோப்புத் தண்ணி வழுக்குதுன்னு கழட்டி…"

அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கடிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

"அப்ப பதினஞ்சு நெசமா?" என்றார்.

"நெசம்."

"பதினாறு?"

"உங்க வீட்டுல குறை இல்லைங்கறது மட்டும் பொய். நீங்க மாட்டணும்னு எழுதினேன்."

"லைட்டு?"

யோசித்தேன். "லைட்டு என்னுதுதான்," என்றேன்.

அவர் எழுந்து கீழே போனார். நானும் போனேன். பின்கட்டில் அண்ணி கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். என் மனைவி அவருடைய கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி எங்கள் இருவரையும் பார்த்து, ஒன்றுமில்லை, மூடியைத் தொட்டேன், யாரோ கையைத் தட்டிவிட்டது போல இருந்தது, மிஷினும் நின்றுவிட்டது என்றார். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "உங்கிட்ட நான் இன்னும் பேசலை," என்றார். "சரிக்கா," என்று சொல்லிக்கொண்டே மனைவி தேய்த்தாள்.

அண்ணன் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நுழையவில்லை என்று எர்த்துக்கான தடித்த காலை வெட்டியவர் அவர்தான். போன வருடம், ஹாக்சா பிளேடு வைத்து, பொறுமையாக. பிளக்கைச் சட்டைப் பையில் போட முயன்றார். ஒயரோடு இருந்ததால் போகவில்லை. தரையில் வைத்துவிட்டு, உள்ளே போய் டிரிப்பரை மேலே தள்ளினார். இப்போது விழாமல் நின்றது.

எலக்ட்ரீசியன் அம்மாள் மறுநாள்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார். அதுவரை யாரும் மிஷினின் பிளக்கை மாட்டக் கூடாது. மிஷினுக்குள் பதினாறு விரிப்புகள் தண்ணீரோடு கிடந்தன. சாயங்காலம் விடுதி வண்டி வந்துவிடும். அண்ணி எழுந்தார். அவரை உட்காரும்படி மூன்று பேரும் சொன்னோம். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு விரிப்பை இழுத்தார். இரட்டைக் கட்டில் விரிப்பு, ஆள் எடை இருக்கும். ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

முறுக்கினோம். தண்ணீர் வரவில்லை. விரிப்பு எங்கள் இருவருக்கும் நடுவே கயிறு போலச் சுழன்றுகொண்டே இருந்தது.

"நீ எந்தப் பக்கம் முறுக்கற?"

"இடது. நீங்க?"

"வலது."

"அப்புறம் எப்படிப் பிழியும்?" என்றார் அண்ணி வாளி மேலிருந்து. "எதிரெதிரா நிக்கறீங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க வலது கைப் பக்கம் திருப்புங்க."

திருப்பினோம். தண்ணீர் கொட்டி அண்ணனின் காலை நனைத்தது. அவர் ஒரு கணம் காலையும், தரையில் கிடந்த பிளக்கையும் பார்த்தார். பிறகு, இன்னும் பதினைந்து இருக்கிறது, கெட்டியாகப் பிடி என்றார்.